தெளிப்பானில் தொலைந்த சிறு உறுப்பு: வீட்டில் செய்து கொள்ளலாமா?

பழனி மலையின் மேற்பகுதியில் மூடுபனி இறங்கி, இரண்டு மூன்று நாள் தூறல் விடாமல் நீடித்தால் உருளைக்கிழங்கு பயிரிட்டவர்களுக்கு உறக்கம் வராது. 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியும், இலையில் வற்றாத ஈரமும் சேர்ந்தால் பின்கருகல் நோய் தோன்றும். கவனிக்காமல் விட்டால் ஒரு வாரம், பத்து நாளில் வயல் முழுவதும் கருகிவிடும். 1845-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டைப் பெரும் பஞ்சத்தில் தள்ளிய நோய் இதுவே. நோய் பரவிய பின் மருந்து தெளிப்பதால் பயன் குறைவு. பரவும் முன்பே தெளித்தாக வேண்டும். மழை சற்று ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் அந்த அரை நாள்தான் விவசாயிக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

அந்த அரை நாளில்தான் தெளிப்பான் மக்கர் செய்கிறது. பூம்பாறையின் படிக்கட்டு வயல் ஒன்றில் நாசில் அடைத்துக் கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரப்பில் நின்றபடியே மூடியைத் திருகிக் கழற்றுகிறார் விவசாயி. உள்ளே இருந்த காசளவுகூட இல்லாத சிறு தட்டு புல்லில் விழுந்து மறைகிறது. எவ்வளவு தேடினாலும் கிடைப்பதில்லை. கொடைக்கானல் நகரம் சுமார் 20 கிலோ மீட்டர். மன்னவனூர்க்காரர் என்றால் சுமார் 35 கிலோ மீட்டர். போய் வருவதற்குள் பனி மூடிவிடும். எனவே கையில் கிடைத்த தகரத்தில் ஆணியால் ஒரு துளை போட்டு, அதை வைத்து மூடியை இறுக்கி, வேலையை முடித்துவிடுகிறார்.

வேலை முடிந்ததா, கெட்டதா என்பதே இங்கு கேள்வி.

இந்த நிலைமை உருளைக்கிழங்கு வயலுக்கு மட்டும் உரியதன்று. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, காரட், பீன்ஸ், கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி பகுதிகளின் காபி, மிளகு, ஆரஞ்சு, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போன விருப்பாட்சி வாழை என எந்தப் பயிராயினும் தெளிப்பான் இல்லாத தோட்டம் இல்லை. தெளிப்பானின் உடல் பல ஆண்டுகள் உழைக்கும். தேய்வதும் தொலைவதும் வாசர், ஊசி, உருண்டை, சுருள்வில், வலை, தட்டு ஆகிய சிறு உறுப்புகளே.

துப்பாக்கியும் தெளிப்பானும்

மலைத் தோட்டங்களில் விசைத்தெளிப்பானின் கைப்பிடியை 'கன்' என்றே சொல்கிறார்கள். உண்மையான துப்பாக்கியை உரிமம் பெற்று வைத்திருப்போரும் உண்டு. அதில் ஒரு சுருள்வில்லோ திருகோ தொலைந்தால் வீட்டில் வைத்துப் பழுது பார்க்கச் சட்டம் இடம் தரவில்லை. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, அதற்கென உரிமம் பெற்றவரே பழுது பார்க்க வேண்டும். பொருந்தாத ஓர் உறுப்பு, பிடித்திருப்பவரின் கையையே பதம் பார்த்துவிடும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

தெளிப்பானுக்கு இத்தகைய சட்டம் ஏதும் இல்லை. அதை வீட்டில் பழுது பார்ப்பது நல்லதும்கூட. ஆயினும் பொருந்தாத உறுப்பால் தீங்கு வருவது இதிலும் உண்டு. அங்கே ஒரு நொடியில் வருவது, இங்கே முதுகில் சொட்டுச் சொட்டாக வருகிறது. 2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி உயிரிழந்தனர். தெளிப்பு வேலையை எளிதாக எண்ணக் கூடாது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

மூன்று வகை உறுப்புகள்

தொலைந்த உறுப்பை வீட்டில் செய்யலாமா என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அந்த உறுப்பு செய்யும் வேலை என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வகை, தாங்கும் உறுப்பு. கைப்பிடி இணைப்பு ஊசி, தோள்பட்டைக் கொக்கி போன்றவை. இவற்றை வீட்டிலேயே செய்து கொள்ளலாம்.

இரண்டாம் வகை, அடைக்கும் உறுப்பு. வாசர், பிஸ்டனின் கிண்ண வாசர், வால்வு உருண்டை, மூடியின் ரப்பர் வளையம் போன்றவை. பொருள் சரியாக இருந்தால் சிலவற்றைச் செய்து கொள்ளலாம், அதுவும் தற்காலிகமாகவே.

மூன்றாம் வகை, அளக்கும் உறுப்பு. நாசிலின் துளைத்தட்டும் சுழல்தட்டும் இவ்வகை. இவற்றை ஒருபோதும் வீட்டில் செய்யக் கூடாது.

தாங்கும் உறுப்புகள்

கைப்பிடியையும் பிஸ்டன் தண்டையும் இணைக்கும் ஊசி அடிக்கடி விழுந்துவிடும். பலரும் வளைத்த ஆணியைச் செருகுவார்கள். ஆணி துருப்பிடிக்கும், அதன் கூர்முனை கையைக் கிழிக்கும். கிழிந்த தோல் வழியே மருந்து உடலுக்குள் எளிதில் செல்லும். அதற்குப் பதிலாகப் பழைய சைக்கிள் கம்பி ஒன்றை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, இரு முனைகளையும் மடக்கிவிடலாம். துளை பெரிதாக இருந்தால் இரு புறமும் ஒவ்வொரு உலோக வாசர் கொடுத்தால் ஆட்டம் குறையும். வெட்டிய முனைகளை அரத்தால் மழுக்க வேண்டும்.

தோள்பட்டைக் கொக்கி தொலைந்தால் சணல் கயிற்றால் கட்டுவது தவறு. நிறைந்த 16 லிட்டர் தெளிப்பான், தன் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். சரிவான வயலில் கயிறு அறுந்தால் ஆளும் தெளிப்பானும் அடுத்த படியில் விழ நேரும். மேலும் சணல் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோளில் ஈரத்தை விட்டுக் கொண்டேயிருக்கும். அகலமான நைலான் பட்டையும், பழைய பையிலிருந்து எடுத்த கொக்கியும் போதுமானவை.

அடைக்கும் உறுப்புகள்

பலமாக அடித்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் பிஸ்டனின் கிண்ண வாசரில் இருக்கும். தோல் வாசர் எனில் காய்ந்து சுருங்கியிருக்கலாம். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஓர் இரவு எண்ணெயில் ஊற வைத்தால் மீண்டும் விரிந்து கொடுக்கும். கிண்ணத்தின் வாய் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். திருப்பிப் போட்டால் புதிய வாசராயினும் அழுத்தம் ஏறாது.

ஓஸ் இணைப்புகளில் தொலையும் தட்டை வாசர்களைச் சைக்கிள் அல்லது லாரி டியூப் ரப்பரில் வெட்டிக் கொள்ளலாம். வாசர் அமரும் இடத்தில் கரித்தூள் தடவி, ரப்பரை அதன்மீது அழுத்தினால் அளவு அப்படியே பதியும். முதலில் நடுத்துளையைப் போட்டு, பிறகு வெளி வட்டத்தை வெட்டினால் வாசர் கோணாது. பழைய வாசரின் கனத்துக்கே வெட்ட வேண்டும். கனம் கூடினால் மரை முழுவதும் ஏறாது, குறைந்தால் ஒழுகும்.

இங்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீரில் கரைக்கும் தூள் மருந்துகளுக்கு டியூப் ரப்பர் தாங்கும். ஆனால் தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் திரவப் பூச்சிமருந்துகளில் எண்ணெய் போன்ற கரைப்பான்கள் உண்டு. அவை டியூப் ரப்பரை ஊதிப் பருக்கச் செய்து இளக்கிவிடும். காலையில் ஒழுகாத வாசர் மதியத்தில் பிதுங்கி ஒழுகும். இம்மருந்துகளைத் தெளிப்பவர்கள் எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வாசரையே வாங்கிப் போட வேண்டும்.

வால்வு உருண்டை தொலைந்தால் சைக்கிள் கடையில் பால்ரசு வாங்கிப் போடுவது மலையில் பலரது வழக்கம். அளவு பொருந்தினாலும் பொருள் பொருந்தாது. காபித் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை தயாரித்ததும், தீட்டிய கத்தியை அதில் நனைத்துப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். செம்பு படியும் இடத்தில் இரும்பு கரைகிறது. கலவை சரியில்லாத நாளில் அந்தப் பால்ரசுக்கும் இதே கதிதான். கலவை சரியாக இருந்தாலும் இரும்பு உருண்டை ஈரத்தில் துருப்பிடிக்கும். உருண்டை சொரசொரப்பானால் வால்வு மூடாது. துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகியவற்றில் முதலில் எது இருந்ததோ அதே வகையை அதே அளவில் வாங்க வேண்டும்.

எந்த உருண்டையில் குற்றம் என்பதையும் அறியலாம். கைப்பிடியை விட்டதும் அது தானே மேலெழுந்தால், அழுத்த அறைக்குச் செல்லும் வழியிலுள்ள வால்வு மூடவில்லை. கைப்பிடி இலேசாக ஏறி இறங்கியும் அழுத்தம் இல்லையெனில், தொட்டியிலிருந்து வரும் வால்வையும் கிண்ண வாசரையும் பார்க்க வேண்டும். பல சமயம் தொலைந்ததாக எண்ணும் உருண்டை தூசி ஒட்டிப் பக்கத்தில் சிக்கியிருக்கும்.

தொட்டி மூடியின் ரப்பர் வளையம் மிகச் சிறியதாகத் தோன்றினாலும் அதுவே முதுகைக் காக்கிறது. அது இல்லாமல் குனிந்தால் மருந்து கழுத்து வழியே முதுகில் இறங்கும். துணியைச் சுற்றி மூடுவது மிகவும் தவறு. துணி நனைந்து, நாள் முழுதும் கசிந்துகொண்டே இருக்கும். மூடியிலுள்ள காற்றுத் துளையை மெழுகு வைத்து அடைப்பதும் தவறு. தண்ணீர் குறையக் குறையக் காற்று உள்ளே செல்லாவிட்டால் தொட்டியின் சுவர் உள்வாங்கும்.

ஓஸ் குழாய்க்குக் கட்டுக்கம்பி சுற்றினால் கம்பி குழாயை அறுக்கும். தெளிப்பானுக்குள் ஒரு சதுர சென்டி மீட்டருக்குச் சுமார் 3 கிலோ வரை அழுத்தம் இருக்கும்போது குழாய் பிய்த்துக் கொண்டால், மருந்து முகத்தில் அடிக்கவும் கூடும். திருகு வைத்த ஓஸ் கிளிப்பையே போட வேண்டும். கைப்பிடி விசையின் சுருள்வில் தொலைந்தால் பேனாவின் சுருள்வில் அதற்கு ஈடாகாது; விசையைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவதும் ஆகாது. விசையை விட்ட மறுநொடி மருந்து நிற்க வேண்டும். நிற்காத கைப்பிடியுடன் வயலில் இறங்கக் கூடாது.

அளக்கும் உறுப்புகள்

நாசிலைக் கழற்றினால் உள்ளே முதலில் வலை, அடுத்து சாய்வான வெட்டுகள் கொண்ட சுழல்தட்டு, பிறகு வாசர், கடைசியாகத் துளைத்தட்டு என வரிசையாக இருக்கும். சுழல்தட்டு மருந்தைச் சுழற்றிவிடுகிறது. துளைத்தட்டு அதை அளந்து வெளியே விடுகிறது. சுழன்று வரும் நீரே கூம்பு வடிவில் மெல்லிய பனியாக விரியும். சுழல்தட்டு இல்லாவிட்டால் பீச்சாங்குழல் போல நேராகப் பாயும்.

தகரத்தில் ஆணியால் போட்ட துளையும் மருந்தை வெளியே விடுகிறதே என்று கேட்கலாம். விடுகிறது, ஆனால் அளவு மாறிவிடுகிறது. நிமிடத்துக்கு 600 மில்லி லிட்டர் விடவேண்டிய நாசில் 900 மில்லி லிட்டர் விட்டால், அதே நடையில் தெளிப்பவர் 10 தொட்டி போதுமான இடத்தில் 15 தொட்டி தெளிப்பார். மருந்துச் செலவு ஒன்றரை மடங்கு. விளைபொருளில் தங்கும் நஞ்சும் அதற்கேற்பக் கூடும். களைக்கொல்லி எனில் பயிரே கருகும்.

அதிகம் தெளித்ததால் நோயாவது அடங்குமா? அதுவும் இல்லை. துளி ஒன்றின் விட்டம் இரு மடங்கானால் அதில் அடங்கும் மருந்து எட்டு மடங்காகும். அதாவது எட்டு இடங்களில் படிய வேண்டிய மருந்து ஒரே இடத்தில் விழுந்து, உருண்டு, மண்ணில் சேர்கிறது. பின்கருகல் பூசணம் இலையின் அடிப்பக்கத்தில் பெருகுகிறது. மான்கோசெப், காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற மருந்துகள் தாம் படிந்த இடத்தை மட்டுமே காக்கும். பெரிய துளி அடிப்பக்கம் போய்ச் சேராது. ஆக, தகரத்தட்டு வைத்தவர் அதிக மருந்தைத் தெளித்துக் குறைந்த பாதுகாப்பைப் பெறுகிறார்.

அடைத்த நாசிலைக் கம்பியால் குத்துவதும் இதே குற்றத்தில் சேரும். பித்தளைத் தட்டு மென்மையானது. ஒரு குத்திலேயே துளை அகன்றுவிடும். பழைய பல் துலக்கும் பிரஷைக் கொண்டு தண்ணீரில் தேய்த்தால் போதும். வாயால் ஊதுவது எந்த நிலையிலும் கூடாது. பித்தளையைவிட எஃகும், எஃகைவிடப் பீங்கானும் நீண்ட நாள் உழைக்கும். தூள் மருந்து அதிகம் தெளிப்போர் இதைக் கவனிக்கலாம்.

நாசில் வலை தொலைந்தால் வலை இல்லாமலே தெளிப்பது, அடைப்பைத் தேடிப் போவதற்குச் சமம். வலையின் கண், நாசில் துளையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். டீ வடிகட்டியின் வலை பொதுவாக இதற்குப் பெரிது. அதைத் தொட்டி வாயில் மருந்துக் கரைசலை வடிக்கப் பயன்படுத்தலாம். பிறகு அதைச் சமையலறைக்குக் கொண்டு செல்லக் கூடாது.

ஒரு நிமிடச் சோதனை

எந்த உறுப்பை மாற்றினாலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும். காய்ந்த கல்லின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மீது தெளிப்பானை வைத்துப் பத்து நிமிடம் அடிக்கலாம். தாள் நனைந்தால் எங்கோ ஒழுகுகிறது.

அடுத்து, நாசிலை அளவுக் குவளையில் பிடித்துச் சரியாக ஒரு நிமிடம் தெளிக்க வேண்டும். மூன்று முறை செய்து சராசரி பார்க்க வேண்டும். புதிய நாசில் விட்ட அளவைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால், அதாவது 600 மில்லி லிட்டர் விட்டது 660-ஐத் தாண்டினால், அந்தத் துளைத்தட்டை மாற்றியாக வேண்டும். புதிய தெளிப்பான் வாங்கிய அன்றே இந்த அளவை எடுத்துத் தொட்டியின் மேல் அழியாத மையில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

கழற்றும் முன்

தெளிப்பானைக் கழற்றும் முன் விசையை அழுத்தி உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். கையுறை அணிய வேண்டும். அலசிய நீரை, தெளித்த பயிர்மீதே பரவலாகத் தெளித்துவிட வேண்டும்; ஓடையில் ஊற்றக் கூடாது. மலையின் வடபுறம் இறங்கும் ஓடைகள் வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு அணைகளுக்கும், தென்புற ஓடைகள் மஞ்சளாறு அணைக்கும் செல்கின்றன. மேலே ஒருவர் அலசிய தண்ணீர் கீழே பலருடைய வீட்டுக்குப் போகிறது.

வயலில் நின்று கழற்ற நேர்ந்தால், ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மீதே கழற்ற வேண்டும். பித்தளையும் பிளாஸ்டிக்கும் காந்தத்தில் ஒட்டாது. புல்லில் விழுந்தால் போனதுதான். கழற்றும் வரிசையிலேயே நாசில் தட்டுகளை ஒரு கம்பியில் கோத்து வைத்தால் தொலையவும் தொலையாது, மாறவும் மாறாது.

ஒரு சிறு டப்பா

இவ்வளவுக்கும் மேலான வழி ஒன்று உண்டு. இரண்டு துளைத்தட்டு, ஒரு சுழல்தட்டு, இரண்டு நாசில் வலை, ஒரு கிண்ண வாசர், பல அளவு தட்டை வாசர்கள், வால்வு உருண்டைகள், விசைச் சுருள்வில், ஓஸ் கிளிப், மரைக்குச் சுற்றும் டெஃப்ளான் டேப் ஆகியவற்றை ஒரு மூடியுள்ள டப்பாவில் இட்டு, தெளிப்பானுடன் வைத்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானலுக்கோ வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ காய்கறி ஏற்றிச் செல்லும் நாளில், பழைய உறுப்பைக் கையோடு கொண்டுபோய், அதே அளவில் வாங்கி வந்துவிடலாம். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட உறுப்பைக் காட்டிக் கேட்பதே மேல். நிறுவனத்துக்கு நிறுவனம் மரையும் அளவும் மாறும். இவற்றின் விலை, வீணாகும் ஒரு தொட்டி மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதன்று. பேட்டரித் தெளிப்பான் வைத்திருப்போருக்கும் கைப்பிடி, நாசில் பற்றிக் கூறியவை அனைத்தும் பொருந்தும்.

எந்த நோய்க்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதில் ஐயம் இருந்தால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கொடைக்கானல், தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களில் கேட்டறியலாம்.

ஊசி தொலைந்தால் வீட்டில் வளைத்துக் கொள்ளலாம். வாசர் தொலைந்தால் பொருள் பார்த்து வெட்டிக் கொள்ளலாம். நாசில் தட்டு தொலைந்தால், டப்பாவில் மாற்றுத் தட்டு இல்லாத பட்சத்தில், அன்றைய தெளிப்பை நிறுத்திவிட வேண்டும். பனி இறங்கும் வேளையில் இது கடினமான முடிவுதான். அந்த நிலை வராமல் தடுக்கும் சிறு டப்பாவை, அடுத்த தெளிப்புக்கு முன்பே தயார் செய்து வைப்பது ஒவ்வொரு மலைத்தோட்ட விவசாயியின் கையில் உள்ளது.